வருசம் திரும்பாத வீட்டில் கம்ப்யூட்டருக்குத் தண்ணீர்

மனைவி இறந்தது தை மாதம். சித்திரையில் மகளின் கம்ப்யூட்டர் நின்று நின்று போக ஆரம்பித்தது.

நான் ராஜபாளையத்துப் பக்கம் பேண்டேஜ் துணி நெய்கிற இடத்தில் வேலை பார்க்கிறேன். படிப்பு எட்டாவதோடு சரி. மகள் ஸ்ரீவில்லிபுத்தூரில் எங்கள் வீட்டில் இருந்தபடியே ஒரு பெங்களூர் கம்பெனிக்கு வேலை செய்கிறாள். இனிமேல்தான் கட்டப்போகிற வீட்டைக் கட்டி முடித்துக் குடியிருப்பது மாதிரியே கம்ப்யூட்டரில் படமாக்கித் தருவது அவள் வேலை. ஒரு படம் முடிய மணிக்கணக்கில் மிஷின் ஓட வேண்டும். ஓட ஓடச் சூடு ஏறும், சூட்டுக்கு உள்ளே இருக்கிற காற்றாடிகள் இரையும். அவள் அம்மா இருந்தபோது அந்த இரைச்சலைத் திட்டிக்கொண்டே இருப்பாள். பிறகு திட்ட ஆள் இல்லை. எனக்கு அது காதில் விழுந்ததா என்றுகூடத் தெரியவில்லை.

அந்த மாதங்களில் எனக்கு எதுவுமே உறைக்கவில்லை. சோற்றில் உப்பு இல்லாவிட்டாலும் சாப்பிட்டு எழுந்துவிடுவேன். ஆண்டாளைக் கும்பிடாமல் நான் வேலைக்கு பஸ் ஏறியதில்லை. ஆனால் துக்கம் நடந்த வீட்டுக்காரன் வருசம் திரும்பும்வரை கோயிலுக்குள் போகக் கூடாது என்பது எங்கள் வழக்கம். வெளியில் நின்று கோபுரத்தைப் பார்த்துக் கை கூப்புவேன். வாய் ‘தாயே’ என்று சொல்லும். அதற்குமேல் கேட்க எதுவும் வராது. போய் பஸ் ஏறிவிடுவேன்.

வெயில் கூடக் கூட மிஷின் பாதி வேலையில் தானாக அணைந்தது. டேபிள் ஃபேனைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள். உள்ளே இருந்த தூசியை எல்லாம் தட்டினாள். ஒன்றும் சரிப்படவில்லை. அடுத்த வேலையும் இப்படித் தாமதமானால் பெங்களூருக்கே வந்து உட்கார்ந்துவிடு என்று கம்பெனியில் சொல்லிவிட்டார்கள். சாப்பிடும்போது அவள் இதைச் சொன்னாள்.

“நான் போயிட்டா நீங்க ஒத்தையில கெடப்பியளாப்பா?”

“இருந்துக்கிடுவேன்” என்றேன். அவள் தட்டை எடுத்துக்கொண்டு போனாள்.

அவளோடு வேலை பார்க்கிற ஒருவர் தன் கம்ப்யூட்டரிலிருந்து கழற்றிய தண்ணீர் சாமான்களை அவளுக்குப் பார்சலில் அனுப்பினார். கார் என்ஜினில் இருப்பதுபோல ஒரு ரேடியேட்டர், சின்ன பம்ப், தண்ணீர்த் தொட்டி, டியூப்கள், சூடாகும் சிப்பின் மேல் உட்கார ஒரு செம்புக் கட்டி. செம்பில் ஏறும் சூட்டைத் தண்ணீர் வாங்கிக்கொண்டு ரேடியேட்டருக்குப் போய் ஆறித் திரும்பி வரும் என்று எனக்கு விளக்கினாள். பஸ் என்ஜின் மாதிரி என்றேன். அதேதான் என்றாள்.

அன்றைக்குப் பார்த்து சுந்தரபாண்டியத்திலிருந்து என் அக்கா வந்திருந்தது. பார்சலைப் பார்த்ததும் அதற்கு மூஞ்சி மாறிவிட்டது.

“ஏலே, வருசம் திரும்பல. அதுக்குள்ள புதுசா ஒரு சாமான வீட்டுக்குள்ள ஏத்துதியே?”

எனக்கும் அது சரியாகத்தான் பட்டது. வருசம் திரும்பாமல் எதையும் புதிதாகத் தொடங்க மாட்டோம்.  பதில் சொன்னது மகள்தான்.

“புதுசு இல்ல அத்தை. ஒருத்தர் ஓட்டுன பழசு. இது ரிப்பேரு.”

“பழசுன்னா, யாரு வீட்டுப் பழசுட்டி?”

“நல்லாருக்கிற வீட்டுப் பழசுதான்.”

ரிப்பேர் என்றதும் அக்கா இறங்கி வந்தது. சாமானுக்குப் பொட்டு வைக்கக் கூடாது, சூடம் காட்டக் கூடாது, யாரிடமும் சொல்லக் கூடாது என்று மூன்றையும் சொல்லிவிட்டு, தானே பார்சலின் கயிற்றை அவிழ்க்க உட்கார்ந்துவிட்டது.

பழைய சாமான் என்பதால் உள்ளே பச்சையாகப் பிசுக்கு படிந்திருந்தது. பேட்டரிக்கு ஊற்றுகிற டிஸ்டில்டு வாட்டரை ராஜபாளையத்திலிருந்து வாங்கி வந்தேன். அலசினோம். துடைக்க எங்கள் வீட்டில் பேண்டேஜ் துணிதான். நான் கொண்டுவரும் கழிவுத் துணியில்தான் காப்பி வடிகட்டுவது, விளக்குத் துடைப்பது எல்லாம். மகள் அதைத் திரித்து டியூப்புக்குள் விட்டு இழுத்தாள். தொட்டிக்குள்ளும் விட்டுச் சுழற்றினாள். பளிச்சென்று ஆனது.

மாட்டி முடித்ததும் உடனே கம்ப்யூட்டரை ஓட்டக் கூடாதாம். பம்புக்கு மட்டும் கரண்ட் கொடுத்து, எங்காவது ஒழுகுகிறதா என்று ஒரு பகல் முழுக்கப் பார்க்க வேண்டும். ஒரு சொட்டு உள்ளே விழுந்தால் எல்லாம் போய்விடும். ஒவ்வொரு இணைப்பின் கீழும் அதே துணியை விரித்து, ஈரம் பட்டால் சொல்லுங்கள் என்று என்னை நாற்காலியில் உட்கார வைத்தாள். ஞாயிற்றுக்கிழமை முழுவதும் பார்த்துக்கொண்டிருந்தேன். ஆஸ்பத்திரியில் அவள் அம்மாவுக்கு ஏறிய குளுக்கோஸ் பாட்டிலையும் இப்படித்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். அங்கே சொட்ட வேண்டும், இங்கே சொட்டக் கூடாது. எனக்கு இரண்டும் ஒன்றாகவே இருந்தது.

ஒழுகவில்லை. திங்கட்கிழமை ஓட்டினாள். நன்றாக ஓடியது. செவ்வாய்க்கிழமை சூடு பழையதைவிட அதிகமாக ஏறி அணைந்துவிட்டது. தொட்டியில் சுழல வேண்டிய தண்ணீர் லேசாகத்தான் அசைந்தது. அவள் ஊருக்குப் போகிற பையை எடுத்துக் கட்டிலில் வைத்ததைப் பார்த்தேன். 

பிறகு, சாமான் அனுப்பியவருக்கு போன் போட்டாள். எதைக் கொண்டு துடைத்தீர்கள் என்று அவர் கேட்டார். பேண்டேஜ் துணி என்று இவள் சொன்னாள். உடனே செம்புக் கட்டியைக் கழற்றிப் பார்க்கச் சொன்னார்.

தண்ணீரை வடித்துவிட்டுக் கழற்றினாள். நான் டார்ச் பிடித்தேன். செம்பின் உள்பக்கம் சீப்புப் பல் போல, அதைவிடப் பல மடங்கு நெருக்கமாகக் கோடு கோடாக இருந்தது. அந்தச் சந்துகளில் துணியின் நூலும் பிசிறும் ஓடி அடைந்து, திரைபோலப் படிந்திருந்தது.

“வேற வீடா இருந்தா காத்து அடிச்சுக் காயவச்சிருப்பாங்க. நம்ம வீட்டுலதான் கம்ப்யூட்டருக்கும் கட்டுப் போட்டுருக்கோம்” என்று சொல்லிச் சிரித்தாள். தை மாதத்துக்குப் பிறகு அவள் சிரித்தது அப்போதுதான். சிரிப்பு முடிந்ததும் கண்ணைத் துடைத்தாள். நான் டார்ச்சை ஆடாமல் பிடித்துக்கொண்டேன்.

பழைய பல் பிரஷால் நூல்களை எடுத்தாள். மறுபடி அலசி, துணி படாமல் கவிழ்த்துக் காயவைத்தோம். திரும்ப மாட்டித் தண்ணீர் ஊற்றினோம். உள்ளே சிக்கிய காற்று வெளியேற அவள் சொன்ன பக்கமெல்லாம் பெட்டியைச் சாய்த்துப் பிடித்தேன். திரும்பவும் ஒரு பகல் பம்பை மட்டும் ஓட்டிப் பார்த்தோம்.

அதற்கடுத்த நாள் வேலை முடிந்து வந்தபோது வீட்டில் சத்தமே இல்லை. நின்றுவிட்டது என்று நினைத்தேன்.

“நின்னுபோச்சாட்டி?”

“காலையில இருந்து ஓடுதுப்பா.”

பெட்டியின் மேல் கையை வைத்தேன். லேசான அதிர்வு இருந்தது. அவள் போனை எடுத்துக்கொண்டு வாசல் பக்கம் போனாள். நான் அடுக்களையில் அரிசி களையப் போனேன். அவள் பேசுவது கேட்டது. “இல்ல சார், நான் வரல. இங்கருந்தே முடிச்சுத் தந்துருதேன்.”

சந்தோசப்பட வேண்டிய இடம் இது என்று எனக்குத் தெரிந்தது. அரிசிக்குள் கையை வைத்தபடி நின்றேன். ஒன்றும் வரவில்லை.

அவள் உள்ளே வந்தாள். “என்னப்பா, கேட்டுக்கிட்டுத்தான இருந்திய? ஒண்ணுஞ் சொல்லாம நிக்கிய?”

“ராத்திரிக்கு உனக்கு என்ன கொழம்பு வைக்க?” என்று கேட்டேன்.

எதையாவது வையுங்கள் என்று சொல்லிவிட்டுக் கட்டிலில் இருந்த பையை எடுத்து பீரோ மேல் போட்டாள். நான் புளியை ஊறப் போட்டேன்.