பின்னுக்கு மட்டும் போன கார்

கல்லோயா அணை வேலை முடிந்து வெளிநாட்டு எஞ்சினியர்மார் ஊர் திரும்பியபோது, அவர்களில் ஒருவர் விட்டுப்போன பச்சைக் காரை நானும் மச்சானும் கூட்டாக வாங்கினோம். மச்சான் என் மனைவியின் காக்கா, மூத்த சகோதரன். அந்தக் காருக்குக் கிளச்சு இல்லை, கியரைத் தானே மாற்றிக்கொள்ளும். கல்முனையில் அப்படியொரு வாகனத்தை அதற்கு முன் யாரும் கண்டதில்லை. கலியாண வீட்டுக்காரர் எங்களைத்தான் தேடி வந்தார்கள்.

வாப்பா ஹஜ்ஜுக்குப் போக நிய்யத்து வைத்திருந்த வருடம் அது. மட்டக்களப்பில் ரயிலேறி, கொழும்பு போய்க் கப்பலேற வேண்டும். "ஸ்டேசன் மட்டுக்கும் மகன்ட கார்லதான் போவன்" என்று பள்ளிவாசலில் காண்கிறவர்களிடமெல்லாம் சொல்லியிருந்தார்.

பயணத்துக்குச் சில நாட்களே இருக்கும்போது, சாய்ந்தமருதுச் சந்தைக்கு முன்னால் கார் நின்றுவிட்டது. எஞ்சின் உறுமியது, சில்லு மட்டும் அசையவில்லை. ஆட்களைப் பிடித்து வீட்டுக்குத் தள்ளிக்கொண்டு வந்தோம். பாண்டிருப்பில் லொறி திருத்துகிற பாஸ் ஒருவர் அடியில் படுத்துப் பார்த்துவிட்டு எழும்பினார்.

"கியர் பெட்டி போயிட்டு. கழட்டுவன், உள்ளுக்கு என்ன இருக்கெண்டு எனக்குத் தெரியா. வேற ஒண்டு எடுத்துத் தந்தா மாத்தித் தாறன்."

அம்பாறைப் பக்கம் உடைந்த வாகனங்களை வாங்கிக் குவித்துவைத்திருந்த ஒரு சிங்கள முதலாளியைக் கேள்விப்பட்டு, பாஸும் சேர்த்து மூன்று பேரும் லொறி ஒன்றில் தொற்றிக்கொண்டு போனோம். புல் முழங்காலுக்கு மேல் வளர்ந்து கிடந்தது. அதற்குள் எங்கள் காரைப் போலவே இரண்டு. ஒன்று மரத்தில் மோதி மூக்கு நசுங்கியது. மற்றதில் ஒரு கீறலும் இல்லை.

"நசுங்கினத எடுப்பம்" என்றான் மச்சான். "ஓடிக்கொண்டிருக்கக்கதானே மோதியிருக்கு. அப்ப பெட்டி நல்லம். மத்தத ஏன் சும்மா கொண்டுவந்து போட்டாங்க?"

அது நியாயமாகத்தான் பட்டது. ஆனால் பாஸ் நசுங்கியதன் கியர் பெட்டி எண்ணெயை விரலில் தொட்டு என் மூக்கருகே நீட்டினார். கறுத்து, கருகல் மணம் அடித்தது. பெட்டியின் ஓரத்தில் மயிர் போல ஒரு கோடு. வெடிப்பா, கீறலா என்று எவ்வளவு தேய்த்தும் தெரியவில்லை. மற்றதன் எண்ணெய் தெளிவாக இருந்தது.

நான் முதலாளியிடம் கேட்டேன், "இதில எது நல்லம்?"

"எனக்கும் தெரியா" என்றார் அவர், உடைந்த தமிழில். "எனக்கு இது இரும்புதான்."

அவர் ஏதாவது பொய் சொல்லியிருந்தால்கூட ஆறுதலாக இருந்திருக்கும். ஓட்டிப் பார்க்க வழியில்லை, திறந்து பார்த்தாலும் விளங்குகிற ஆள் இல்லை. மூன்று பேரும் இரண்டு கார்களுக்கும் நடுவில் வெயிலில் நின்றோம். கடைசியில் மச்சான் கையை விரித்தான். "எண்ணெய் நல்லமெண்டா அதையே எடுப்பம்."

பயணத்துக்கு முதல் நாள் அஸர் தொழுகைக்குப் பிறகுதான் அந்தப் பெட்டியைப் பூட்டி முடிந்தது. வழியனுப்ப வந்த சொந்தக்காரர் வளவு நிறைய நின்றார்கள். நான் கியர்க் கம்பியை முன்னுக்குப் போட்டு மிதித்தேன். கார் அசையவில்லை. அடுத்ததில் போட்டேன், அதற்கும் அசைவில்லை. பின்னுக்குப் போட்டதும் சத்தமேயில்லாமல் வழுக்கிக்கொண்டு வேலிப் பக்கம் போனது. யாரோ சிரித்துவிட்டு அடக்கிக்கொண்டார்கள்.

பாஸ் எண்ணெயை இறக்கி, அடித்தட்டைக் கழற்றி உள்ளே கையை விட்டார். உடைந்த இரும்புத் துண்டுகள் வந்தன. "ஆரோ பழைய எண்ணெய வெளியால ஊத்திப்போட்டுப் புதுசு விட்டிருக்கான்" என்றார்.

காலையில் வாப்பா பஸ்ஸில் போனார். அவருடைய பயணப் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு நான் பக்கத்தில் இருந்தேன். கல்லடிப் பாலம் தாண்டியதும் வாப்பா கேட்டார், "எதப் பாத்து மகன் அத எடுத்த?"

"எண்ணெய் தெளிவா இருந்திச்சி வாப்பா."

வாப்பா தலையாட்டினார். "நானெண்டாலும் அதத்தான் எடுத்திருப்பன்."

வாப்பாவுக்குக் காரைப் பற்றி ஒன்றுமே தெரியாது. ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். ரயில் புறப்படும்போது என் தலையில் கைவைத்து துஆ ஓதினார்.

அடுத்த கிழமை மச்சானும் நானும் நசுங்கிய காரின் பெட்டியைக் கேட்டு மறுபடி போனோம். அதை வேறு யாரோ கழற்றிக்கொண்டு போய்விட்டார்கள். அது நல்லதா, கூடாதா என்பது எங்களுக்குத் தெரியவரவேயில்லை. பச்சைக் காரின் எஞ்சினைச் சம்மாந்துறையில் ஒரு அரிசி ஆலைக்காரர் வாங்கிப்போனார். ஹஜ் முடித்த வாப்பா, வரும் நாளை எங்களுக்கு அறிவிக்காமல், ஒரு பகல் பஸ்ஸில் வந்து இறங்கி வீட்டுக்கு நடந்தே வந்தார். அறிவித்தால் நான் வேறு யாரிடமாவது வாகனம் கேட்டு அலைவேன் என்று நினைத்தாராம்.