பெருக்கத் தெரிந்த மருமகன்

நான் மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவன். வகுத்தல் வரைக்கும் படித்தாயிற்று, கரண்டு வேலைக்கு அதற்கு மேல் எதற்கு? போடிநாயக்கனூரில் நான் சுற்றிய ஹீட்டர் காயிலைக் குறை சொன்னவர் ஒரே ஒருவர்தான். போடிமெட்டுக்கு மேலே ஏலத்தோட்டம் வைத்திருக்கும் முதலாளியின் மருமகன். இன்ஜினியருக்குப் படித்தவர்.

ஏலக்காய் உலர்த்தும் பெட்டிக்கு மூணு கிலோவாட் காயில் சுற்றிக் கொடுத்திருந்தேன். ஒரே வாரத்தில் முதலாளி போன் போட்டார். "காய் காயல, வெரசா வாங்க." ஜீப் பிடித்துப் போனேன். பறித்த காய் ஈரத்தோடு தட்டுத் தட்டாகக் கிடந்தது. அன்றைக்கே காயாவிட்டால் பச்சை நிறம் போய்விடும்.

வீட்டுக்குக் கீழே சரிவில் இருந்த உலர்த்தும் கொட்டகையில் மருமகன் மீட்டரும் கையுமாக நின்றார்.

"வோல்டேஜ் நூத்தி எம்பது, கரண்டு பத்து ஆம்பியர். பெருக்கினா ஆயிரத்து எண்ணூறு வாட்டு. மூவாயிரம்னு சொல்லித்தானே குடுத்தீங்க?"

முதலாளி முகம் கறுத்தது. "அண்ணே, இத ஏலம் போடுற எடத்துல ஒரு வார்த்த சொன்னேன்னா, அப்பறம் ஒரு தோட்டக்காரன் ஒங்க கடைப்படி ஏற மாட்டான்."

தட்டு சுமந்து வந்த வேலைக்காரம்மா சும்மா இருக்குமா? "என்ன அப்பு, மிச்ச ஆயிரத்து எரநூற வீட்டுக்குக் கொண்டு போயிட்டீகளா?"

முப்பது வருஷத்துப் பெயர் அந்த நிமிஷம் ஊசலாடியது. ஆனால் எனக்குப் பயமில்லை. ஜீப்பிலிருந்து இறங்கும்போதே வியாதி என் கண்ணில் பட்டுவிட்டது. உடனே சொல்லியிருக்கலாம். சொன்னால் அதில் என்ன ருசி?

"மாப்ளே, பெருக்குனது சரி. வகுத்தீகளா?"

"எதுக்கு?"

"நூத்தி எம்பதப் பத்தால வகுங்க. பதினெட்டு ஓம். அதுதான் காயிலோட தடை. மூணு கிலோவாட்டுக்கு அளந்துதான் அம்புட்டு வச்சேன். வாங்க, மீட்டர் போர்டு வரைக்கும் நடப்போம்."

ஹீட்டர் ஓடிக்கொண்டிருக்கும்போதே வீட்டு முன்னறையில் இருந்த மீட்டர் போர்டில் அளந்தேன். இருநூற்று முப்பத்து நான்கு.

"இங்க புறப்படுறப்ப எரநூத்தி முப்பத்தி நாலு. அங்க போய்ச் சேர்றப்ப நூத்தி எம்பது. நடுவுல அம்பத்தி நால யாரு தின்னது?"

எல்லாரும் சரிவைப் பார்த்தார்கள். வீட்டிலிருந்து கொட்டகை வரை பூக்கட்டும் நாரைப் போல ஒரு வயர் தொங்கியது.

"ஒத்தப் பல்புக்குப் போடுற வயரு. அம்பத்தி நால பத்தால பெருக்குங்க. ஐநூத்தி நாப்பது வாட்டுக்கு மலங்காத்தச் சூடு பண்ணிக்கிட்டு இருக்கீக. அதுக்கு மேல, வோல்டேஜ் கொறஞ்சா காயிலும் கொறச்சலாத்தான் சுடும். யாரு இழுத்தது இந்த வயர?"

முதலாளி மருமகனைப் பார்த்தார். மருமகன் மீட்டரைப் பார்த்தார்.

பெட்டியை முன்னறைக்குத் தூக்கிவரச் செய்து, போர்டின் பக்கத்திலேயே இணைப்புக் கொடுத்தேன். அதே இருநூற்று முப்பத்து நான்கில் பதிமூன்று ஆம்பியர் காட்டியது.

"இப்பப் பெருக்குங்க மாப்ளே. சத்தமா."

"மூவாயிரத்து... நாப்பத்திரண்டு."

"அந்த நாப்பத்திரண்டு இனாம்."

வேலைக்காரம்மா சிரித்த சிரிப்பில் தட்டு சாய்ந்தது. முதலாளி என் கையைப் பிடித்துக்கொண்டார். "அண்ணே, ஏலத்துல நானே ஒங்களப் பத்திப் பெருமையாச் சொல்றேன். தடிச்ச வயரு எப்பப் போடுவீங்க? அதுவரைக்கும் பெட்டி இங்கயே கெடக்கட்டும்."

அந்த முன்னறைதான் மருமகன் தங்கும் அறை. ஏலக்காய்ச் சூட்டில் அவருக்கு அப்போதே சட்டை நனைந்திருந்தது.

"மூணு நாளாகும் முதலாளி" என்றேன். எனக்கு அது அரை நாள் சோலி.