அண்ணி படித்துக் காட்டிய புகார்

என் அண்ணியைப் பார்த்தால் எனக்கு வயிறு எரியும். மறைத்து என்ன பிரயோஜனம்?

எங்கள் தெருவுக்கும் எதிர்த்தெருவுக்கும் கலவரம் நடந்து எட்டு மாதம் ஆகியிருந்தது. சமாதானக் குழுவுக்கு நான்தான் செயலாளர். நாயாய் அலைந்து, நாற்காலி பிடித்துக் கூட்டம் போட்டால் எதிர்த்தெருப் பெண்களில் ஒருத்தியும் எட்டிப் பார்க்க மாட்டாள். அண்ணி மனித உரிமை அலுவலகத்தில் புகார் எழுதும் எழுத்தர். மின்விசிறிகூட ஒழுங்காகச் சுற்றாத அந்த அறையில், அதே பெண்கள் பெஞ்சு கொள்ளாமல் உட்கார்ந்திருப்பார்கள்.

அப்படி என்ன மந்திரம் போடுகிறாள் என்று ஒருநாள் போய்ப் பார்த்தேன். மந்திரமும் இல்லை, மண்ணாங்கட்டியும் இல்லை. சொன்னதை எழுதுவாள், எழுதியதைச் சொன்னவர்களுக்கே உரக்கப் படித்துக் காட்டுவாள். இப்படித்தானே சொன்னீர்கள் என்று கேட்பாள். ஒரு சொல் பிசகினாலும் அடித்துத் திருத்தி, மறுபடி முதலிலிருந்து படிப்பாள். அப்புறம்தான் கையெழுத்து. இதற்கா இத்தனை மவுசு என்று பற்றிக்கொண்டு வந்தது எனக்கு.

சமாதான ஒப்பந்தத்துக்கு நாள் குறித்தோம். பழைய புகார்களை எல்லாரும் கைவிட வேண்டும் என்று முதல் நிபந்தனையை நானே எழுதினேன். ஊர் நன்மைக்கு என்று சொல்லிக்கொண்டேன். அண்ணியின் பெஞ்சு காலியாக வேண்டும் என்ற ஆசையும் இருந்தது.

அன்று கூட்டத்துக்கு அண்ணனும் அண்ணியும் வந்திருந்தார்கள். அதிசயமாக எதிர்த்தெருத் தையல்கடைக்காரியும் வந்தாள். கலவரத்தில் கடை எரிந்துபோனவள். நிபந்தனையைக் கேட்டதும் எழுந்துவிட்டாள்.

"உங்க அண்ணி இருக்காங்கன்னுதான் இந்தத் தெருவுல கால் வச்சேன். கடைக்குத் தீ வச்சது யாருன்னு நான் சொன்னப்போ, தன் புருஷன் பேர்னு கூடப் பார்க்காம எழுதினாங்க. எனக்குப் படிச்சும் காட்டினாங்க. அதை விட்டுட்டு என்ன சமாதானம்?"

தான் அந்தப் பக்கமே போகவில்லை என்றான் என் அண்ணன். சாட்சி உண்டா என்று யாரோ கேட்டார்கள். தையல்கடைக்காரி பையை எடுத்துக்கொண்டு வாசலுக்கு நடந்தாள்.

சாட்சி உண்டு. கலவரத்தன்று மாடியில் நின்று பார்த்தவள் நான். எட்டு மாதமாக வாய்க்குப் பூட்டுப் போட்டுக்கொண்டுதான் சமாதானம் பேசியிருக்கிறேன். கட்டியவன் பெயரை அண்ணி எழுதிவிட்டாள். கூடப்பிறந்தவன் பெயரை நான் விழுங்கிவிட்டேன். இத்தனை நாள் பட்டதெல்லாம் என்ன பொறாமை? அந்த நிமிஷம் பட்டதுதான் பொறாமை.

"அண்ணி, நான் பார்த்தேன். எழுதிக்கோங்க."

தையல்கடைக்காரி திரும்பி வந்து உட்கார்ந்தாள். அண்ணி தாளை எடுத்தாள். நான் சொல்லச் சொல்ல எழுதி, அண்ணன் பெயர் வந்த இடத்திலும் குரல் தடுக்காமல் படித்துக் காட்டினாள்.

"கையில ஏதோ கேன் மாதிரி இருந்துச்சு. இப்படித்தானே சொன்ன?"

அண்ணன் என்னையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"இல்ல அண்ணி. 'ஏதோ'வை எடுத்துடுங்க. மண்ணெண்ணெய் கேன்தான்."

அடித்துத் திருத்தினாள். மறுபடி முதலிலிருந்து படித்தாள்.