அக்கா வைத்துக்கொண்ட ஏழு சேலைகள்

அக்கா மறைந்து ஓராண்டு ஆகிறது. இந்த நினைவு மலரைக் கையில் வைத்திருக்கும் நீங்கள் ஒவ்வொருவரும் அவரை ஒவ்வொரு விதமாக அறிந்தவர்கள். உடன்பிறந்த தங்கைக்குத் தெரிந்ததை நான் எழுதுகிறேன். புகழுரை எழுதி எனக்குப் பழக்கமில்லை. அக்காவுக்கும் அது பிடிக்காது.

பசறைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்து வரிசை வீடொன்றில் அக்கா பிறந்தார். நான் அவருக்கு ஆறு வயது இளையவள். அப்பா நோயில் விழுந்ததும் அக்கா எட்டாம் வகுப்போடு படிப்பை நிறுத்திவிட்டுக் கொழுந்து எடுக்கப் போனார். அவர் மலைக்குப் போனதால்தான் நான் படித்து ஆசிரியை ஆனேன். இதைப் பல மேடைகளில் சொல்லியிருக்கிறேன். அவர் முகத்துக்கு நேரே ஒரு தடவைகூடச் சொன்னதில்லை.

அந்த நாட்களில் அக்காவிடம் மாதா கோவிலுக்குப் போட ஒரே ஒரு கவுன் இருந்தது. அது தோட்டத்துப் பெரிய கிளாக்கர் வீட்டில் கொடுத்தது. ஒரு ஞாயிறு பூசை முடிந்து வாசலுக்கு வரும்போது அந்த வீட்டுப் பிள்ளை கையை நீட்டி, "அம்மா, அது என்னோட கவுனு" என்றாள். சின்னப் பிள்ளை, மனதில் ஒன்றும் இல்லாமல் சொன்னதுதான். ஆனால் அக்கா அந்தக் கவுனைப் பிறகு போடவே இல்லை. இரண்டு வாரம் கோவிலுக்கும் வரவில்லை.

கல்யாணமான பின் தோட்டத்துப் பிள்ளைக் காம்பராவில் வேலை கிடைத்தது. மலைக்குப் போகும் தாய்மாரின் கைக்குழந்தைகளை இருபது வருடத்துக்கு மேல் பார்த்துக்கொண்டார். அத்தான் காலமானதும் ஹாலிஎலையில் மகன் கட்டிய வீட்டுக்கு வந்தார். மகன் அவருக்கென்று மூன்று கதவு அலுமாரி செய்து கொடுத்தான். நத்தார்ப் பண்டிகைக்கு, கல்யாண வீட்டுக்கு என்று வந்த சேலைகளால் அது சீக்கிரமே நிறைந்துவிட்டது. வருடத்துக்கு ஒன்று கொடுத்து நிரப்பியவர்களில் நானும் ஒருத்தி.

ஒருநாள் நான் போனபோது அத்தனை சேலையும் கட்டிலில் கிடந்தது. என்ன வேலை இது என்று கேட்டேன்.

"கட்டுனா என்னோடது. கட்டாட்டி வேற யாரோடதோ. அவங்க சேலை என் அலுமாரியில எதுக்குக் கெடக்கணும்?" என்றார்.

இரண்டு நத்தார் கடந்தும் உடுத்தாத சேலை வெளியே போகும் என்பது அவர் வைத்துக்கொண்ட சட்டம். கிழிந்ததை யாருக்கும் கொடுக்க மாட்டார்; அது அடுப்படித் துணியாகும். நல்லதைத் துவைத்து, கஞ்சி போட்டு, ஓரம் தைத்து, ஸ்திரி போட்டு வைப்பார். ரவிக்கையைக்கூட வாங்குகிறவரின் அளவுக்குப் பிரித்துத் தைப்பார். யார் கொடுத்தது, யாருக்குப் போனது என்று வெளியே ஒருவருக்கும் தெரியக் கூடாது. எனக்கும் சொன்னதில்லை.

என் வீட்டுக்கும் ஒருமுறை வந்து அலுமாரியைத் திறந்தார். மேல் தட்டிலிருந்த சேலைகள் அவர் தோளில் விழுந்தன.

"இதெல்லாம் எப்பக் கட்டப் போற?"

"கட்டத்தானே வாங்கினது அக்கா."

"எப்பன்னு கேட்டேன்."

நான் தேநீர் ஊற்றப் போனேன்.

கடைசி ஒன்றரை வருடம் சிறுநீரக நோயோடு ஆஸ்பத்திரிக்கும் வீட்டுக்குமாக அலைந்தார். உடன் அலைந்தவள் அவருடைய மருமகள். அந்த நாட்களில் பதுளை பஸ் நிலையத்தில் மருமகள் பெரிய பையோடு லுணுகலை பஸ்ஸில் ஏறுவதை இரண்டு முறை கண்டேன். அவளுடைய தாய்வீடு அந்தப் பாதையில் இருக்கிறது. நான் ஒன்றும் கேட்கவில்லை. மனதுக்குள் மட்டும் கணக்குப் போட்டுக்கொண்டேன்.

எங்கள் குடும்பத்தில் பெண்களைக் கல்யாணத்து வெள்ளைச் சேலையோடுதான் அடக்கம் செய்வது வழக்கம். அம்மாவுக்கும் அப்படித்தான் செய்தோம். அக்கா கண்மூடிய அன்று அந்தச் சேலையை எடுக்க அலுமாரியைத் திறந்தேன். ஏழு சேலைகள் இருந்தன. வெள்ளை இல்லை.

மருமகள் பக்கத்தில் வந்து, "சின்ன மாமி, மாமி இந்த நீலச் சேலையத்தான் கட்டிவிடச் சொன்னாங்க" என்றாள்.

"வெள்ள எங்க?"

"அத மட்டும் என்கிட்ட கேக்காதீங்க."

அதோடு எனக்குப் பொறுமை போய்விட்டது. கூடத்தில் நின்ற அத்தனை பேர் முன்னாலும் அவளைத் திருடி என்கிற அர்த்தத்தில் பேசினேன். அவள் அடுப்படிக்குப் போனாள். அன்று வந்தவர்கள் குடித்த தேநீரெல்லாம் அவள் ஊற்றியது.

பதுளைக் கடையொன்றில் புது வெள்ளைச் சேலை வாங்கி அக்காவுக்கு உடுத்தினோம். உடுத்தாத சேலை தன்னுடையதே இல்லை என்று சொன்னவரை, ஒருநாளும் உடுத்தாத சேலையோடு அனுப்பினேன். அதை நினைத்தால் இன்றும் வலிக்கிறது.

நான்கு மாதம் கழித்து ஒரு பெண் மெழுகுவர்த்தியோடு அக்காவின் வீடு தேடி வந்தார். அன்று நானும் அங்கே இருந்தேன்.

"அம்மா தவறினது எங்களுக்குத் தெரியாதுங்க. என் மக கல்யாணத்துக்கு அவங்க வெள்ளச் சேலைய உங்க மருமக கையில குடுத்து அனுப்பினாங்க. யாரு சேலைன்னு யாருகிட்டயும் சொல்லக்கூடாதுன்னு உங்க மருமககிட்ட சத்தியம் வாங்கியிருந்தாங்களாம்."

அந்தக் கல்யாணத்துக்குப் போய் வந்தவர்கள் சிலர் அக்காவின் சாவு வீட்டிலும் நின்றார்கள். மருமகள் வாய் திறந்திருந்தால், கோவில் வாசலில் அக்கா பட்டதை அந்தக் கல்யாணப் பெண்ணும் பட்டிருப்பாள். இதை அந்தத் தாயின் சம்மதத்தோடுதான் எழுதுகிறேன். ஊரும் பெயரும் எழுத மாட்டேன்.

அக்காவின் நோய்க்காலத்தில் வாகனம் தந்த அயலவர்களுக்கும், வீட்டுக்கு வந்து நற்கருணை கொடுத்த சுவாமிக்கும், பசறையிலிருந்து மழையில் வந்து சேர்ந்த தோட்டத்து மக்களுக்கும், நேரத்தோடு கடையைத் திறந்து சேலை தந்த பதுளைக் கடைக்கார நானாவுக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி.

மருமகளுக்கும் இந்த வரிசையில் ஒரு நன்றி எழுதி, அச்சுக்குக் கொடுக்குமுன் அவளிடம் வாசித்துக் காட்டினேன். அவள் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தாள்.

"எனக்கு நன்றியெல்லாம் வேணாம் சின்ன மாமி. அன்னைக்குப் பேசினது எல்லாருக்கும் முன்னால. மன்னிப்பு மட்டும் அடுப்படியில வந்து கேட்டீங்க."

அவள் சொன்னது சரி. ஆகவே நன்றியை எடுத்துவிட்டேன். அன்று நான் சொன்ன வார்த்தை இது: "அக்கா சேலையெல்லாம் இவ அம்மா வீட்டுல போய்த் தேடுங்க." அது பொய். அக்காவின் மருமகள் எதையும் எடுக்கவில்லை. சொன்னவள் நான். அன்று அதைக் கேட்டவர்கள் எல்லோரும் இதையும் வாசித்துவிடுங்கள்.