சாடை காட்டக் கூடாது

கல்லூரியில் அந்தப் பேராசிரியைக்குத் 'தரகரம்மா' என்று பெயர். உளவியல் முதுகலைக்கு வருகிற பிள்ளைகள் எல்லாருக்கும் ஒரே ஆசைதான்: ஆலோசகராகி, மெத்தை நாற்காலியில் உட்கார்ந்து அடுத்தவர் கண்ணீரைத் துடைக்க வேண்டும். அவள் விடமாட்டாள். ஒருவனைச் சிறைச்சாலைக்கு, ஒருத்தியைக் கம்பெனியில் ஆள் எடுக்கும் பிரிவுக்கு, இன்னொருவனை ஓட்டப்பந்தய வீரர்களிடம் என்று ஆளுக்கொரு இடம் பார்த்து முடித்துவைப்பாள். பொருத்தம் தப்பியது அபூர்வம்.

தொட்டாச்சிணுங்கி என்று பேர் வாங்கிய மாணவிக்கு அவள் பார்த்த இடத்தைக் கேட்டுத்தான் எல்லாரும் சிரித்தார்கள். யாராவது தும்மினாலே கண் கலங்குகிற பெண் அது. நினைவாற்றல் சோதனைப் பயிற்சியில், கடைசிச் சொல் வராமல் தவித்த ஒரு முதியவருக்கு, விரலைத் திருகிச் 'சாவி' என்று சாடை காட்டிவிட்டாள். தரகரம்மா அவளைப் பிலுபிலுவென்று பிடித்துக்கொண்டாள்.

"இது இரக்கமில்ல. நீ சொல்லிக் குடுத்து அவர் பாஸானா, அவருக்கு நோய் இருக்குன்னு யாருக்குத் தெரியும்? யார் வைத்தியம் பார்ப்பா?"

படிப்பு முடிந்ததும் அவளையே ஓர் ஆஸ்பத்திரியின் நினைவாற்றல் பிரிவில் வேலைக்கு அனுப்பினாள். சூடு கண்ட பூனை இனி அடுப்பங்கரைக்குப் போகாது என்பது அவள் கணக்கு. நேர்முகத் தேர்வுக்குக் காரில் கொண்டுபோய் விட்டவர் தரகரம்மாவின் கணவர். வழியெல்லாம் எதையாவது சொல்லிச் சிரிக்கவைத்து, அந்தப் பெண்ணின் அழுகையை நிறுத்தியதும் அவர்தான்.

வருஷங்கள் கழித்து, அந்தப் பெண்ணின் அறைக்கு அவரையே கூட்டிக்கொண்டு போகும்படி ஆயிற்று. அடுப்பை அணைக்க மறந்தார். பிறகு வீட்டுக்கு வரும் வழியை மறந்தார். வயசானால் வருகிற மறதிதான் என்று அந்தப் பெண் சொல்லிவிட மாட்டாளா என்று தரகரம்மாவின் மனம் அடித்துக்கொண்டது.

அவள் சுவரோரம், மாணவியின் முதுகுக்குப் பின்னால் உட்கார்ந்தாள். தொட்டாச்சிணுங்கி ஐந்து சொற்களைச் சொன்னாள், கொஞ்ச நேரம் வேறு பேச்சுப் பேசினாள், பிறகு அந்தச் சொற்களைக் கேட்டாள். அவர் ஒன்று சொன்னார். அதற்கு மேல் வரவில்லை. பரீட்சையில் முழிக்கிற பையனைப்போல மனைவியைப் பார்த்தார். அந்தப் பார்வையை அவளால் தாங்க முடியவில்லை. காலமெல்லாம் மாணவர்களை அதட்டிய வாய் சத்தமில்லாமல் அசைந்தது.

"படகு," என்றார் அவர் சந்தோஷமாக.

தொட்டாச்சிணுங்கி பேனாவைக் கீழே வைத்தாள். திரும்பிப் பார்க்கவில்லை.

"மேடம், கொஞ்சம் வெளியில இருங்க."

வெளியே பெஞ்சில் உட்கார்ந்தவளுக்கு வெட்கம்கூட வரவில்லை. பயம்தான் வந்தது. கதவு திறந்து முதலில் அவர் வந்தார்.

"நல்ல பொண்ணு. யார் பெத்த பிள்ளையோ, ரொம்பப் பொறுமை," என்றார்.

பின்னாலேயே வந்து நின்ற தொட்டாச்சிணுங்கியின் முகத்தில் ஒன்றும் இல்லை. அப்படி முகத்தை வைத்துக்கொள்ளக் கற்றுக்கொடுத்தவளுக்கு அதைப் படிக்கவா தெரியாது?

"நான் வெளிய வந்தப்புறம், நீ எதுக்காவது சாடை காட்டினியா?"

"இல்ல மேடம்."

"சரியாத்தான் செஞ்சிருக்க," என்று சொல்லி எழுந்தவள், கணவரின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"ஒண்ணே ஒண்ணுக்காவது காட்டியிருக்கலாமேடி."