மிக்ஸிங்கில் கூட்டிய வீதம்

பொறுமை என்பது எனக்குப் பிறவியிலேயே இல்லை. தண்ணீர்ப் பம்பு திருத்திப் பிழைக்கிறவனுக்கு அது கட்டாயம் வேண்டும் என்று மனைவி சொல்லிக்கொண்டே இருப்பாள். அவளுடைய கரைச்சல் வேறு. யுத்தம் முடிந்து இத்தனை வருடமாகியும், வானத்தில் ஏதாவது இரைந்தால் அடுப்பை அப்படியே விட்டுவிட்டு மேசைக்குக் கீழே போய்விடுவாள். ஒரு கலியாண வீட்டில், படம் எடுக்கிற ட்ரோனுக்குப் பயந்து பட்டுச்சேலையோடு கதிரைகளுக்கு நடுவில் குந்திவிட்டாள். சனம் சிரித்தது. எனக்கு அழுகைதான் வந்தது.

அதனால்தான் அந்த ரிமோட் விமானத்தை வாங்கினேன். இரைச்சல் எங்கள் கட்டைவிரலுக்குக் கட்டுப்படுவதைக் கண்டால் அவளுடைய பயம் விட்டுப்போகும் என்று நினைத்தேன். என்னுடையதும் போகும் என்று நினைத்ததை அவளிடம் சொல்லவில்லை.

பறக்கவிடப் பழகிவிட்டேன். தரையிறக்குவதுதான் பெரும்பாடு. வேகத்தைக் குறைக்க இறக்கையிலுள்ள ஃபிளாப்பை இறக்கினால் மூக்கு மேலே தூக்கும். அதைச் சமாளிக்க வாலிலுள்ள எலிவேட்டரையும் கூடவே கொஞ்சம் கீழே தள்ளவேண்டும். ரிமோட்டில் ஃபிளாப்புக்கும் எலிவேட்டருக்குமான இரண்டு சனலையும் சேர்த்துக் கட்டிவிட்டால், ஒரு சுவிட்சைத் தட்ட இரண்டும் ஒன்றாக அசையும். அதுதான் மிக்ஸிங். எலிவேட்டர் எத்தனை வீதம் இறங்கவேண்டும் என்பதைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டி, நல்ல உயரத்தில் வைத்துச் சோதிக்கவேண்டும்.

கெஞ்சிக் கூத்தாடி, ஒருநாள் அவளை விசுவமடுவில் அறுவடை முடிந்த வயலுக்குக் கூட்டிப்போனேன். கிராம சேவகரிடமும் பொலிஸிலும் முதலே சொல்லிவைத்திருந்தேன். அவள் என் சட்டையைப் பின்னாலிருந்து பிடித்துக்கொண்டு நின்றாள். அவளுக்காகக் கெதியாக இறக்கவேண்டும் என்ற அவசரத்தில், ரிமோட்டின் மெனுவுக்குள் போய் எலிவேட்டரின் வீதத்தை ஒரேயடியாகக் கூட்டினேன். சோதித்தும் பார்க்கவில்லை.

விமானம் எழும்பி வயலைச் சுற்றியது. அவள் நடுங்குவது சட்டை வழியே எனக்குத் தெரிந்தது. ஆனாலும் அண்ணாந்து பார்த்தாள்.

"இஞ்சேருங்கோ, கிட்ட வருகுது."

"ஒண்டும் நடக்காது. எல்லாம் என்ர கையிலதான்."

அதைச் சொன்னபோது நான் உண்மையாகவே சந்தோஷமாக இருந்தேன்.

எங்களை நோக்கி அது இறங்கிவர, சுவிட்சைத் தட்டினேன். மூக்கு செங்குத்தாகக் கீழே சாய்ந்தது. இரைச்சல் ஏறியது. சுவிட்சைத் திருப்பித் தட்டினால் போதும், நிமிர்ந்துவிடும். மூளைக்கு அது தெரியும். உடம்பு கேட்கவில்லை. ரிமோட்டை எறிந்துவிட்டு விழுந்து படுத்தேன். காதைப் பொத்தி, வாயைத் திறந்து, நெஞ்சு மண்ணில் முட்டாமல் முழங்கைகளை ஊன்றியபடி. பக்கத்தில் அவளும் அச்சொட்டாக அப்படியே கிடந்தாள்.

அங்கால் வரம்பில் அது மோதி நொறுங்குகிற சத்தம் கேட்டது. பிறகு ஒன்றுமில்லை. நான் தலையைத் தூக்கினேன். அவள் என் முதுகில் கையை வைத்து அமத்தினாள்.

"எழும்பாதேங்கோ. மற்றது வரும்."

குண்டுபோட வந்த கிபிர் விமானங்கள் அந்நாளில் சோடியாகத்தான் வரும். ஒன்று போட்டுவிட்டு மேலே எழும்ப, மற்றது குண்டுபோடத் தாழப் பதியும். ஆனால் அது எந்தக் காலம், இது எந்தக் காலம். மற்றதென்று ஒன்று இல்லை. இருந்தது ஒன்றே ஒன்று, அதையும் வாங்கியவன் நான். இதையெல்லாம் அவளுக்குச் சொல்ல வாயெடுத்தவன், தலையைத் திரும்பவும் மண்ணில் வைத்து, அவளோடு சேர்ந்து மற்றது வரும்வரை காத்துக் கிடந்தேன்.