முன்னுக்கு வைத்த படம்

பூப்போட்ட உறையைத் தூக்கியதும் சூடேறிய தூசி மணக்கும். வேலணைத் தீவில் எங்கள் வீட்டு முன்னறையில், உப்புக் காற்றுப் படாதிருக்க அம்மா தைத்த அந்த உறைக்குள்தான், போர் ஓய்ந்திருந்த சமாதான காலத்தில் கனடாவிலிருந்து வந்த மாமா வாங்கித் தந்த ‘கொம்பியூட்டர்’ இருந்தது. சாட்டிக் கடற்கரையில் பாரை மீனைத் தூக்கிப் பிடித்து வாய்விட்டுச் சிரித்த அப்பாவைப் படமெடுத்து, அதற்குள் ஏற்றிவிட்டுத் தன் கமராவை வெறுமையாக்கிக்கொண்டு மாமா திரும்பிப் போனார். அடுத்த மாரியில் அப்பா காய்ச்சலில் போய்விட்டார். இடப்பெயர்வில் பட அல்பங்களைத் தொலைத்திருந்த எங்களுக்கு அவருடைய சிரிப்பு அந்த ஒரு படத்தில்தான் மிஞ்சியது.

“முன்னுக்கு வை பிள்ளை, வாறவை போறவை பாக்கட்டும்” என்றார் அம்மா. எங்கள் வீடுகளில் மதிப்பானதெல்லாம் முன்னறையில்தான் இருக்கும். நானும் படத்தைத் திரையின் முகப்பில் வைத்தேன்.

பிறகு வைரஸ் வந்தது. திறந்த கையோடு கொம்பியூட்டர் தானாக அணைந்தது. திருத்துவதற்கு யாழ்ப்பாணத்திலிருந்து பஸ்ஸில் வந்த கடைக்கார அண்ணை உறையைக் கண்டதும், “தீவார் இதுக்கும் சட்டை தைச்சுப் போட்டிருக்கினம்” என்று சிரித்தார். எனக்குக் காது சுட்டது.

“சி ட்ரைவை அழிச்சுப்போட்டு விண்டோஸைத் திரும்பப் போட வேணும். டி-க்குள்ள இருக்கிறது ஒண்டும் போகாது” என்றார். அப்பா எதற்குள் இருக்கிறார் என்று கேட்க வாய் வரவில்லை, இன்னொரு முறை சிரித்துவிடுவாரே. முன்னுக்கு இருப்பது எதற்குள்ளும் இல்லைத்தானே என்று என்னை நானே தேற்றிக்கொண்டு தலையாட்டினேன்.

வேலை முடிந்ததும் திரையில் யாருடைய ஊரோ ஒரு பச்சை மேடு வந்தது. தேத்தண்ணியோடு வந்த அம்மா அப்படியே நின்றுவிட்டார்.

“தம்பி, அவர் எங்கை?”

“ஆர் அம்மா?”

“பிள்ளையின்ரை அப்பா. முன்னுக்கு நிண்டவர்.”

அண்ணை இம்முறை சிரிக்கவில்லை. “முன்னுக்குத் தெரியிறதும் சி-க்குள்ளதான் அம்மா. இனி எடுக்க ஏலாது” என்றார் தலையைக் குனிந்துகொண்டு. அவர் சிரித்திருந்தால் கோபமாவது வந்திருக்கும். எனக்கு வெட்கம்தான் பிடுங்கித் தின்றது.

“பரவாயில்லை, நீர் தேத்தண்ணியைக் குடியும்” என்றார் அம்மா.

அந்தக் கொம்பியூட்டர் பழைய இரும்போடு போய்விட்டது. இன்று என் கைப்பேசியில் நானே அழித்த படங்கள்கூடத் திரும்பி வருகின்றன. முன்னறையில் தொங்குவதோ அடையாள அட்டையிலிருந்து பெரிதாக்கிய அப்பா, உதடு இறுகியபடி. வருகிறவர்கள், “ஐயா சிரிக்கவே மாட்டாரோ?” என்று கேட்பார்கள்.

“நல்லாச் சிரிப்பார். முன்னுக்குத்தான் வைச்சிருந்தனாங்கள்” என்பார் அம்மா.

நான் தேத்தண்ணி வைக்கவென்று குசினிக்குள் போய்விடுவேன்.